உலகமயமாதலும் சமூக அறிவியல்களும்

திருப்பூரில் தைக்கப்பட்ட பனியன் ஒன்று ஐரோப்பியக் கடையில் விற்பனைக்கு வருகிறது. பருத்தி, நூல், சாயம், தையல், கப்பல் எனப் பல கைகளைக் கடந்தே அது அங்குச் சேர்கிறது. இவ்வாறு பொருளும் மூலதனமும் தொழில்நுட்பமும் மனிதரும் கருத்துகளும் நாட்டெல்லைகளைக் கடந்து செல்வதால், தொலைவிலுள்ள சமூகங்கள் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் நிலையை உலகமயமாதல் என்பர். இதனை ஒரு துறையின் துணைகொண்டு மட்டும் முழுமையாக அறிய இயலாது.

திருப்பூர் வழியே ஓடும் நொய்யலாற்றின் கரையில் உள்ளது கொடுமணல். மேலைக் கடற்கரையையும் கருவூரையும் இணைத்த பண்டைய வணிகவழியில் இவ்வூர் இருந்தது. இங்கு மணிக்கற்களும் இரும்புப் பொருள்களும் உருவாக்கப்பட்டதை அகழாய்வுகள் காட்டுகின்றன. தொலைதூர வணிகம் நமக்குப் புதிதன்று. அதன் விரைவும் பரப்புமே புதியவை என்பது வரலாறு தரும் தெளிவு.

பொருளியல் சந்தையை ஆராய்கிறது. 1991இல் இந்தியா புதிய பொருளாதாரக் கொள்கையை ஏற்றது. ஆடை இறக்குமதிக்கு வளர்ந்த நாடுகள் விதித்திருந்த ஒதுக்கீட்டு முறை 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிவுற்றது. ஏற்றுமதி வாய்ப்பும் போட்டியும் ஒருங்கே பெருகின. ஆயினும், ஈட்டிய அந்நியச் செலாவணியைக் கூறும் கணக்கில் ஆற்றின் இழப்பு இடம்பெறுவதில்லை.

அவ்விழப்பைப் புவியியல் காட்டுகிறது. பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. உவர்ப்பேறிய நீரால் உழவர்கள் பாதிக்கப்பட்டனர். இதற்குப் பொறுப்பு யார் என அரசியல் அறிவியல் வினவுகிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, உழவரின் நீருரிமையும் தொழிலாளரின் பிழைப்பும் எதிரெதிரே நின்றன. ஆடையை வாங்கியவரோ தொலைநாட்டில் இருந்தார்.

சமூகவியல் மனித உறவுகளை நோக்குகிறது. கூலி ஈட்டும் பெண்ணுக்கு இல்லத்தில் முடிவெடுக்கும் உரிமை கூடியதா? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளரின் குழந்தை எம்மொழியில் கற்கிறது? இவை அதன் வினாக்கள். உலகை மையம், அரைவிளிம்பு, விளிம்பு எனப் பகுத்த இம்மானுவேல் வாலர்ஸ்டைன், ஆதாயம் மையத்தில் குவிவதை விளக்கினார். எனினும், திருப்பூரில் உழவுக்குடியில் பிறந்து கூலியாளாக நுழைந்தோர் சிலர் பின்னர் உரிமையாளராகவும் உயர்ந்தனர். கோட்பாட்டைக் கள உண்மையோடு ஒப்பிட்டே ஏற்றல் வேண்டும்.

எனவே, உலகமயமாதல் நன்றா, தீதா என்னும் வினாவிற்கு ஒற்றைச்சொல் விடை இல்லை. பயன் பெற்றவர் யார், அதற்கு விலை கொடுத்தவர் யார் என்று பல துறைகளின் துணையோடு ஆராய்தலே முறையாகும். மாணவர்களே, நீங்கள் அணிந்துள்ள ஆடையிலிருந்தே அவ்வாய்வைத் தொடங்கலாம்.