புதுவைக் கடற்கரையில் பிரெஞ்சுத் திருநாள்

ஜூலை மாதம் 14-ந் தேதி பிரான்சு நாட்டின் தேசியத் திருநாள். பிரான்சு எங்கே, புதுச்சேரி எங்கே! ஆனாலும் புதுவையில் ஆண்டுதோறும் இந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடுகிறவர்களில் பலர் தமிழர்கள்!

கோட்டை விழுந்தது

1789-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி, பாரிஸ் நகர மக்கள் திரண்டு சென்று பாஸ்டில் கோட்டையைப் பிடித்தார்கள். அது மன்னரின் சிறைச்சாலை. அன்று உள்ளே இருந்த கைதிகள் 7 பேர்தான். என்றாலும், கோட்டை விழுந்ததும் மன்னர் ஆட்சி ஆட்டம் கண்டது. 1880-ம் ஆண்டில் அந்த நாள் தேசியத் திருநாள் ஆயிற்று.

அண்ணன் இந்தியர், தம்பி பிரெஞ்சுக்காரர்

புதுவையைப் பிரெஞ்சுக்காரர்கள் நீண்ட காலம் ஆண்டார்கள். 1954 நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படியும் புதுவை இந்தியாவுடன் சேர்ந்தது.

அப்போது மக்களுக்கு 6 மாதம் தவணை கொடுத்தார்கள். பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள்.

எழுதிக் கொடுத்தவர்களில் பலர் பிரெஞ்சுப் படையில் பணி செய்தவர்கள். இந்தோ சீனா, அல்ஜீரியா என்று கடல் கடந்து போனவர்கள். ஊரார் இவர்களை "சொல்தா" என்பார்கள். இவர்களுக்குப் பிரான்சு அரசாங்கம் பென்ஷன் கொடுத்தது.

இதனால் சில குடும்பங்களில் அண்ணன் இந்தியர், தம்பி பிரெஞ்சுக்காரர். பிறந்த தெருவிலேயே இருந்தும், தம்பிக்குச் சட்டப்படி அது வெளிநாடு!

விளக்கு ஊர்வலம்

ஜூலை 13-ந் தேதி இரவிலேயே திருநாள் தொடங்கிவிடும். பிள்ளைகளும் பெரியவர்களும் கையில் விளக்கு ஏந்தி, பாட்டுப் பாடிக்கொண்டு தெருக்களில் வருவார்கள்.

மறுநாள் கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச் சின்னத்தில் கூடுவார்கள். முதல் உலகப் போரில் உயிர் நீத்த பிரெஞ்சு இந்திய வீரர்களுக்காகக் கட்டப்பட்டது அது. வயது முதிர்ந்த சொல்தாக்கள், மார்பில் பதக்கங்கள் அணிந்து, நிமிர்ந்து நிற்பார்கள். பிரெஞ்சுத் தூதரக அதிகாரியும் புதுவை அரசு அதிகாரிகளும் மலர் வளையம் வைப்பார்கள். இரு நாட்டுத் தேசிய கீதங்களும் ஒலிக்கும்.

பேரன் கையில் விளக்கு

பழைய வீரர்கள் இப்போது குறைந்து வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் படிப்புக்காகவும் வேலைக்காகவும் பிரான்சு போய்விடுகிறார்கள். ஊரில் இருக்கும் பேரப் பிள்ளைகள் விளக்கை ஏந்தி வருகிறார்கள்.

ஜூலை 14 போனால் ஆகஸ்டு 15 வருகிறது. அது அண்ணனின் திருநாள். இரண்டு கொடிக்கும் அந்தக் குடும்பத்தில் மரியாதை உண்டு.