மூத்த பெண்களின் குருதிக் கொழுப்பு: மரபணுவும் உணவும் இணைந்து செயற்படும் முறை

ஆய்வுச்சுருக்கம்

குருதிக் கொழுப்பின் அளவைத் தீர்மானிப்பதில் மரபணுவின் பங்கு எவ்வளவு, உணவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்பது வழக்கம். மாதவிடாய் நிறைவுற்ற பெண்களைப் பொறுத்தவரை அப்பிரிப்பு பொருந்தாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அபோ ஈ மரபணுவின் ஈ2 வடிவம், அபோ ஏ-1 மரபணுவில் காணப்படும் ஓர் எழுத்து வேறுபாடு, கல்லீரல் லைப்பேஸ் மரபணுவின் வேறுபாடு ஆகியன சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: குருதிக் கொழுப்பு, மாதவிடாய் நிறைவு, அபோ ஈ, அபோ ஏ-1, மரபணு - உணவு இடைவினை

முன்னுரை

ஐம்பது வயது வரை இயல்பான கொழுப்பளவு கொண்டிருந்த ஒரு பெண்ணின் குருதியில், உணவுப் பழக்கம் சிறிதும் மாறாத நிலையில், அடுத்த சில ஆண்டுகளுக்குள் எல்டிஎல் எனப்படும் குறையடர்வுக் கொழுப்புப் புரதம் உயர்ந்துவிடுவது மருத்துவமனைகளில் அன்றாடம் காணப்படும் நிகழ்வு. அவர் எண்ணெயைக் கூட்டிவிட்டார், இனிப்பை மறைத்து உண்கிறார் என்றே குடும்பத்தாரும் சில வேளைகளில் மருத்துவரும் கருதுகின்றனர். அதற்கு மறுதலையாக, ‘இது பரம்பரை’ என்று கைவிடுவோரும் உண்டு. இவ்விரு விளக்கங்களும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

இரட்டையர் ஆய்வுகள் குருதிக் கொழுப்பு வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதியை மரபுவழிக் காரணிகளுக்கு உரியதாகக் கணிக்கின்றன. இக்கணிப்பு ஒரு மக்கள் தொகுதியில் ஒருவருக்கொருவர் காணப்படும் வேறுபாட்டைப் பற்றியது. ஒரு தனிப் பெண்ணின் குருதியிலுள்ள கொழுப்பில் பாதி மரபணுவால் வந்தது, மீதி உணவால் வந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. பாடநூல்களில்கூட இவ்வேறுபாடு தெளிவாகச் சொல்லப்படுவதில்லை.

மாதவிடாய் நிறைவும் கல்லீரலும்

கொழுப்பு நீரில் கரையாதது. ஆகவே அது புரத உறை கொண்ட துகள்களாகவே குருதியில் பயணம் செய்கிறது. எல்டிஎல் துகள்களைக் குருதியிலிருந்து அகற்றும் பணியைப் பெரும்பாலும் கல்லீரல் செல்களின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் செய்கின்றன. ஈஸ்ட்ரோஜன் இயக்குநீர் அவ்வேற்பிகளின் எண்ணிக்கையை மிகுதிப்படுத்துகிறது. கல்லீரல் லைப்பேஸ் என்னும் நொதியின் செயலையோ குறைக்கிறது. மாதவிடாய் நின்றபின் ஏற்பிகள் குறைகின்றன, நொதி விழிப்படைகிறது. எல்டிஎல் மிகுவதோடு அதன் துகள்கள் சிறியனவாகவும் அடர்ந்தனவாகவும் மாற முற்படுகின்றன.

இம்மாற்றம் முதுமையின் மெதுவான விளைவா, மாதவிடாய் நிறைவின் நேரடி விளைவா என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. அமெரிக்காவில் பல இனக்குழுப் பெண்களைத் தொடர்ந்து கவனித்துவந்த ‘ஸ்வான்’ ஆய்வு 2009இல் இதற்கு விடை தந்தது. இறுதி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டு இடைவெளியில் மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்டிஎல்லும் அபோ பி புரதமும் குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்தன. டிரைகிளிசரைடு போன்ற பிற காரணிகளின் மாற்றம் வயதோடு சீராக நிகழ்ந்தது. எனவே, முன்னர்க் கூறப்பட்ட பெண்ணின் எல்டிஎல் உயர்வுக்கு அவருடைய சமையலறையில் காரணம் தேடுவது பல வேளைகளில் வீண்முயற்சியாகும்.

அபோ ஈ: வெளிப்படக் காத்திருக்கும் மரபு

மரபணு, உணவு, மாதவிடாய் நிறைவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்து இயங்குவதை மிகத் தெளிவாகக் காட்டுவது அபோ ஈ மரபணு. 19ஆம் குரோமோசோமில் அமைந்துள்ள இதற்கு ஈ2, ஈ3, ஈ4 என மூன்று முதன்மை வடிவங்கள் உள்ளன. அவற்றிடையே உள்ள வேறுபாடு புரதச் சங்கிலியின் இரண்டு இடங்களில் மட்டுமே. ஈ3 வடிவத்தில் 112ஆம் இடத்தில் சிஸ்டீனும் 158ஆம் இடத்தில் அர்ஜினினும் உள்ளன. ஈ4இல் இரண்டிலும் அர்ஜினின். ஈ2இல் இரண்டிலும் சிஸ்டீன். சராசரியாக ஈ4 உடையோரின் எல்டிஎல் உயர்ந்தும் ஈ2 உடையோரின் எல்டிஎல் தாழ்ந்தும் காணப்படுகின்றன.

இச்சராசரியோடு நின்றுவிட்டால் ஈ2 ஒரு நற்பேறு என்றே தோன்றும். ஆனால் ஈ2 புரதம் எல்டிஎல் ஏற்பியோடு மிக வலுவற்ற முறையிலேயே பிணைகிறது. உணவுக் கொழுப்பைச் சுமந்துவந்த துகள்கள் தம் சுமையை இறக்கியபின் எஞ்சும் எச்சத் துகள்கள் அதனால் குருதியிலேயே தேங்கக்கூடும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஈ2 பெற்றவர்களுள் ஒரு சிறு பகுதியினருக்கு, பத்தில் ஒருவருக்கும் குறைவானோர்க்கு, மூன்றாம் வகை மிகைக் கொழுப்புப் புரத நோய் தோன்றுகிறது. கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு இரண்டும் ஒருங்கே உயர்வதும், உள்ளங்கை ரேகைகளில் மஞ்சள் நிறக் கொழுப்புக் கோடுகள் படிவதும் அதன் அடையாளங்கள். இந்நோய்க்கும் அபோ ஈக்கும் உள்ள தொடர்பை 1970களில் ஜெர்மனியின் கெர்ட் உட்டர்மன் வெளிக்கொணர்ந்தார்.

எஞ்சிய ஒன்பது பேருக்கு ஏன் நோய் வருவதில்லை என்னும் வினாவே இங்கு இன்றியமையாதது. மரபு வடிவம் ஒன்றே. ஆனால் அது நோயாக வெளிப்பட மற்றொரு சுமை வேண்டும். உடற்பருமன், நீரிழிவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, மிகையான மது ஆகியன அத்தகைய சுமைகள். பெண்களிடம் இந்நோய் மாதவிடாய் நிறைவுக்கு முன்னர் மிக அரிதாகவே காணப்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளை நிறைத்து வைத்திருக்கும் வரை ஈ2இன் வலுக்குறைவு ஈடுசெய்யப்படுகிறது. அது நின்றபின் ஐம்பதாண்டுகள் அமைதியாயிருந்த மரபு வெளிப்படுகிறது. மறுபுறம், உடல் எடையைக் குறைத்துக் கொழுப்பையும் மாவுச்சத்தையும் மட்டுப்படுத்தினால் மிக விரைவாக நலமடையும் கொழுப்பு நோய்களுள் இதுவும் ஒன்று. இதனை மரபு நோய் என்பதா, உணவு நோய் என்பதா, மூப்பின் நோய் என்பதா? மூன்றும் சரி, எதுவும் தனித்துச் சரியன்று.

அபோ ஏ-1: ஒன்றையொன்று வெட்டும் இரு கோடுகள்

அரிய நோயை விடுத்துப் பொதுமக்களிடம் இவ்விடைவினையைக் காண, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1948இல் தொடங்கப்பட்ட பிரேமிங்காம் ஆய்வு உதவுகிறது. முதல் தலைமுறையினரின் மக்களை உள்ளடக்கிய அதன் வழித்தோன்றல் பிரிவு 1971இல் தொடங்கியது. அப்பிரிவைச் சேர்ந்த 755 ஆண்களையும் 822 பெண்களையும் கொண்டு ஓசே ஓர்டோவாஸ் குழுவினர் 2002இல் ஒரு பகுப்பாய்வை வெளியிட்டனர். (இப்பெண்கள் அனைவரும் மூத்தவர்கள் அல்லர், நடுவயதினரும் இதில் அடங்குவர்.)

எச்டிஎல் எனப்படும் மிகையடர்வுக் கொழுப்புப் புரதத்தின் முதன்மைப் புரதமான அபோ ஏ-1இன் மரபணுவுக்கு முன்னுள்ள பகுதியில், பெரும்பாலோர்க்குக் குவானின் இருக்கும் ஓரிடத்தில் சிலருக்கு அடினின் இருக்கிறது. இவ்விரு பிரிவினரின் சராசரி எச்டிஎல் அளவுகளை ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. பழைய முறையில் ஆராய்ந்திருந்தால் ‘இம்மரபணு வேறுபாட்டுக்கு விளைவு இல்லை’ என்று எழுதி முடித்திருப்பர்.

உணவைச் சேர்த்து நோக்கியபோது படம் மாறியது. மொத்த ஆற்றலில் பன்மநிறைவுறாக் கொழுப்பின் பங்கு 4 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த பெண்களுள், இரு குவானின் உடையோரின் எச்டிஎல் அடினின் உடையோரைவிட 14 விழுக்காடு மிகுந்திருந்தது. அப்பங்கு 8 விழுக்காட்டைத் தாண்டிய பெண்களிடமோ அடினின் உடையோரின் அளவே 13 விழுக்காடு மிகுந்திருந்தது. ஒரு கோடு ஏறுகிறது, மற்றொன்று இறங்குகிறது. இரண்டும் நடுவில் வெட்டிக்கொள்வதால் சராசரியில் எதுவும் தெரிவதில்லை. ஆண்களிடம் இவ்வுறவு மது, புகைப் பழக்கங்களையும் சேர்த்துக் கணித்தபோது மட்டுமே புலப்பட்டது.

இந்த 4 விழுக்காடும் 8 விழுக்காடும் அடுக்களைக் கணக்கில் எவ்வளவு? நாளொன்றுக்கு 1800 கலோரி உண்ணும் ஒருவருக்கு 4 விழுக்காடு என்பது 8 கிராம். 8 விழுக்காடு என்பது 16 கிராம். இடைவெளி வழக்கமான சூரியகாந்தி எண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றே குறைவு. அத்துணைச் சிறிய மாற்றத்தில் ஒரு மரபணுவின் ‘நன்மை’ ‘தீமை’யாக இடம் மாறுகிறது என்றால், நல்ல மரபணு, கெட்ட மரபணு என்னும் பேச்சுக்கு இடமில்லை.

முடிவுகளைப் படிக்கும் முறை

இத்தகைய முடிவுகளை எச்சரிக்கையோடு அணுக வேண்டும். பிரேமிங்காம் பெண்கள் உண்டதை எவரும் எடைபோட்டுப் பார்க்கவில்லை. வினாநிரலில் அவர்கள் நினைவிலிருந்து குறித்தவையே தரவுகள். மேலும், ஒரு காரணியின் தனி விளைவைக் கண்டறியத் தேவைப்படும் எண்ணிக்கையைவிட இடைவினையைக் கண்டறியக் குறைந்தது நான்கு மடங்கு மாந்தர் தேவை என்பது புள்ளியியலாளர் நெடுங்காலமாக வலியுறுத்தும் விதி.

எச்டிஎல் உயர்ந்தால் இதயம் காக்கப்படும் என்னும் எடுகோளும் இன்று வலுவிழந்துள்ளது. இதய நோயுள்ள, மாதவிடாய் நிறைவுற்ற 2763 பெண்களிடம் நடத்தப்பட்ட ‘ஹெர்ஸ்’ சோதனையில் (1998) இயக்குநீர் மருந்து எல்டிஎல்லைக் குறைத்து எச்டிஎல்லை உயர்த்தியது, மாரடைப்போ குறையவில்லை. பிறப்பிலேயே எச்டிஎல் உயர்ந்திருக்கச் செய்யும் ஒரு மரபணு வடிவம் உடையோர்க்கும் மாரடைப்பு குறைவாக இல்லை என்று 2012இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு காட்டியது. ஆகவே, உமிழ்நீர்ச் சோதனை செய்து ‘உங்கள் மரபணுவுக்கேற்ற உணவு’ என விற்கப்படும் பட்டியல்களை மூத்த பெண்கள் நம்பிப் பணம் செலுத்துவதற்கு இவ்வாய்வுகள் சான்றாகா. மூன்றாம் வகை நோயின் அறிகுறிகள் தென்படும்போது அபோ ஈ சோதனை செய்வது வேறு; அதன் பயன் தெளிவானது. மற்றவர்களுக்கு, மாதவிடாய் நின்ற ஓராண்டுக்குள் கொழுப்பளவை மீண்டும் ஒருமுறை அளப்பதே கூடுதல் செய்தியைத் தரும்.

ஆசிய உணவுச் சூழல்

கல்லீரல் லைப்பேஸ் மரபணுவின் ஒரு வேறுபாடு அந்நொதியின் செயலைக் குறைக்கிறது. பிரேமிங்காமில் அவ்வடிவத்தை இருமடியாகப் பெற்றோர், கொழுப்பின் பங்கு 30 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தபோது மட்டுமே உயர்ந்த எச்டிஎல் கொண்டிருந்தனர். சிங்கப்பூரில் 1998இல் நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின் தரவுகளைக் கொண்டு சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோரிடம் இதே வேறுபாடு ஆராயப்பட்டபோது, எச்டிஎல் சார்ந்த இடைவினை இந்தியரிடம் தனித்து வெளிப்பட்டது. சிங்கப்பூர் இந்தியருள் தமிழரே பெரும்பான்மையினர் என்பதால் இம்முடிவு தமிழ் ஆய்வுலகின் கவனத்துக்குரியது.

ஆயினும் அளவுகோல் ஒன்றுதானா என்ற ஐயம் எழுகிறது. மேலைநாட்டு ஆய்வுகள் உணவு என்றாலே கொழுப்பின் வகையையும் அளவையும் எடுத்துக்கொள்கின்றன. சென்னை நகரில் நடத்தப்பட்ட ‘கியூர்ஸ்’ ஆய்வின் 2009ஆம் ஆண்டு வெளியீடு, தீட்டிய அரிசி முதலான தவிடு நீக்கிய தானியங்களை மிகுதியாக உண்டோரிடம் டிரைகிளிசரைடு உயர்ந்தும் எச்டிஎல் தாழ்ந்தும் இருந்ததைக் காட்டியது. மூன்று வேளையும் அரிசி உண்ணும் அறுபது வயதுப் பெண்ணின் கல்லீரல் எதிர்கொள்ளும் முதன்மைச் சுமை மாவுச்சத்தே. அவருடைய அபோ ஈயும் லைப்பேஸும் எண்ணெய்க்கு எவ்வாறு எதிர்வினை ஆற்றுகின்றன என்பதைவிடச் சோற்றுக்கு எவ்வாறு எதிர்வினை ஆற்றுகின்றன என்பதே இங்கு முதலில் அளக்கப்பட வேண்டியது.