உங்களுக்குத் தெரியுமா? ஸ்வீடன் ஏரிகளைக் கொன்ற மழை

● மாசில்லாத மழைநீரும் லேசான அமிலம்தான். கரியமில வாயு கரைவதால் அதன் பிஎச் அளவு சுமார் 5.6. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வெளிவரும் கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள் கலந்தால் அது 4-க்கும் இறங்கும். ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடும்.

● ஸ்வீடன் ஏரிகளில் மீன்கள் அழிந்துவந்தன. பிற நாடுகளிலிருந்து காற்றில் வந்த புகையே காரணம் என்று 1967-ல் எடுத்துச் சொன்னார் மண்ணியல் அறிஞர் ஸ்வாந்தே ஓடன்.

● மீனைக் கொல்வது அமிலம் மட்டுமல்ல. அமில நீர் மண்ணிலுள்ள அலுமினியத்தைக் கரைத்து ஏரியில் சேர்க்கும். அது செவுள்களில் படிந்து மீனை மூச்சுத்திணற வைக்கும். ஏரி நீரோ கண்ணாடி போலத் தெளிந்திருக்கும்.

● அமிலத்தை முறிக்க, ஹெலிகாப்டரிலிருந்தும் சுண்ணாம்புக்கல் பொடியைத் தூவியது ஸ்வீடன்.

● 1979-ல் ஜெனீவாவில் காற்று மாசு உடன்படிக்கை கையெழுத்தானது. கந்தக வெளியேற்றத்தை 30 சதவீதம் குறைக்க 1985-ல் ஹெல்சின்கியில் பல நாடுகள் ஒப்புக்கொண்டன. காற்று தெளியத் தெளிய, பல ஏரிகள் மெல்லத் தேறின. புகைக்கு எல்லை கிடையாது. அதைத் தடுக்கும் பொறுப்புக்கும் எல்லை கூடாது.