தலை நிற்காத குழந்தை

“ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் தலை நிற்கவில்லையே!” என்று தாய் கலங்குகிறாள்.

“அவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான். எல்லாம் தானாகச் சரியாகிவிடும்” என்கிறாள் மாமியார்.

எத்தனையோ வீடுகளில் நடக்கும் பேச்சு இது. பல சமயம் மாமியார் சொன்னபடியே ஆகிவிடுகிறது. சில சமயம் ஆவதில்லை. அப்போது, சும்மா காத்திருந்த அந்த மாதங்கள் திரும்பக் கிடைப்பதில்லை.

பழைய கணக்கு

குழந்தை எப்போது என்ன செய்யும் என்பதை நம் புலவர்கள் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் 5-ம் மாதம். குழந்தை தலையை நிமிர்த்தி ஆட்டும் காலம் அது. சப்பாணிப் பருவம் 9-ம் மாதம். சப்பாணி என்றால் கை கொட்டுவது. பிறர் பிடிக்காமல் உட்கார்ந்தால்தானே, கொட்டுவதற்கு இரண்டு கையும் ஓய்வாக இருக்கும்! ஓராண்டை ஒட்டி, தளர்நடை போட்டு வரும் வருகைப் பருவம்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளின் குழந்தைகளைப் பார்த்து, 2006-ம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டது. சில குழந்தைகள் 4-ம் மாதத்திலேயே தானாக உட்கார்ந்தன. சில குழந்தைகளுக்கு 9 மாதம் ஆயிற்று. சில 8 மாதத்தில் நடந்தன. சில பதினேழரை மாதத்தில்தான் நடந்தன. நூற்றுக்கு நாலு குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை. அவை யாவும் நல்ல குழந்தைகளே!

ஆகவே, அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு வருந்த வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கணக்கே வேறு. 2 மாதம் முன்னால் பிறந்திருந்தால், வயதில் 2 மாதத்தைக் கழித்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

எதைக் கண்டால் போகவேண்டும்?

4 மாதம் முடிந்தும் தலை நிற்காமல் தொங்கினால், டாக்டரிடம் காட்டுங்கள். தூக்கும்போது கால்கள் கத்தரிக்கோல் போல ஒன்றின் மேல் ஒன்று பின்னினாலும் காட்டுங்கள். உடம்பு கட்டையாக விறைப்பது, துணி போலத் துவளுவது, கையை எப்போதும் இறுக மூடியே வைத்திருப்பது, 9 மாதம் முடிந்தும் உட்காராதது ஆகியவையும் அப்படியே.

இன்னொன்று. ஒரு வயதுக்குள் ஒரு கையை மட்டுமே நீட்டும் குழந்தையைப் பார்த்து, “இடது கைக்காரன்” என்று சிரித்துவிடுகிறோம். அந்த வயதில் குழந்தை இரண்டு கையையும் ஒன்றுபோல நீட்ட வேண்டும். மற்றக் கையில் பலம் குறைவோ என்று பார்க்கவேண்டிய சமயம் அது.

மருந்து இல்லை, ஊசி இல்லை

சரி, போனால் என்ன செய்வார்கள்? டாக்டர் காரணத்தைத் தேடுவார். பெரும்பாலும் பிசியோதெரபி நிபுணரிடம் அனுப்புவார். அங்கே நடப்பதைப் பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும்.

ஒரு துண்டைச் சுருட்டி, குழந்தையின் நெஞ்சுக்கு அடியில் கொடுத்துக் குப்புறப் போடுகிறார்கள். முன்னால் கிலுகிலுப்பையை ஆட்டுகிறார்கள். சத்தம் வந்த பக்கம் பார்க்கக் குழந்தை தலையைத் தூக்குகிறது. கழுத்துக்கும் முதுகுக்கும் அதுதான் கசரத்து! கிலுகிலுப்பையைப் பக்கவாட்டில் கொண்டுபோனால், அதை எட்டிப் பிடிக்க உடம்பு புரளுகிறது. உட்காரும் வயதில் இடுப்பை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். பிடியை நாளாக நாளாகத் தளர்த்துகிறார்கள்.

முதல் ஆண்டில் மூளை வேகமாக வளர்கிறது. ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதற்கான வழியை அது அமைத்துக்கொள்கிறது. மூளையில் ஏற்பட்ட காயத்தைப் பயிற்சி அழித்துவிடாது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்று சொன்னால் அது பொய். ஆனால், இருக்கும் பலத்தைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வார்கள். கை கால்கள் இறுகி மடங்கிப்போவதையும் குறைக்கலாம்.

நிபுணர் வாரத்தில் ஒரு நாள் பார்ப்பார். மற்ற 6 நாளும்? தாய்தான் நிபுணர்! தகப்பனாரும் கற்றுக்கொள்ளலாம், அவருக்கும் கை இருக்கிறது.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் இதைத்தான் செய்து வருகிறது. 1975-ல் கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன், 1981-ல் தொடங்கிய நிறுவனம் இது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய், குளிப்பாட்டும்போதும் விளையாடும்போதும் என்ன செய்யலாம் என்று பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

பாட்டி செய்தது சரியா?

காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டுவாளே பாட்டி, அது நல்ல பயிற்சி. குழந்தை விழித்திருக்கும்போது, நாள் முழுவதிலும் சேர்த்து 30 நிமிடமாவது குப்புறப் போடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் சொல்லிவிட்டது. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். தூங்கும்போது மல்லாந்துதான் படுக்க வேண்டும். ஆனால், மூக்கில் எண்ணெய் விடுவதையும், கை காலை வெடுக்கென்று இழுப்பதையும் பாட்டி விட்டுவிடட்டும்.

மர நடைவண்டியைக் குழந்தை நின்று தள்ளிக்கொண்டு போகும். நல்லதுதான். உள்ளே உட்காரவைக்கும் சக்கர ‘வாக்கர்’ வேறு. அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, படியில் உருட்டிவிடும். கனடா நாட்டில் 2004-ல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டார்கள்.

செலவுக்குப் பயந்து தயங்க வேண்டாம். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் அரசுத் திட்டத்தில், இப்படிப்பட்ட குழந்தைகளைக் கண்டுபிடித்து இலவசமாகப் பயிற்சி தர, மாவட்ட அளவில் மையங்கள் இருக்கின்றன. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள்.

தடுப்பூசி போட மூன்றரை மாதத்திலும் 9-ம் மாதத்திலும் எப்படியும் போகிறீர்கள். ஊசி போட்டதும் எழுந்து வந்துவிடாதீர்கள். முதல் தடவை, “தலை சரியாக நிற்கிறதா?” என்று கேளுங்கள். அடுத்த தடவை, குழந்தையை அங்கேயே உட்காரவைத்துக் காட்டுங்கள்.