சின்ன வார்த்தை, பெரிய குடும்பம்

 

இங்கிலீஷில் எது கஷ்டமான வார்த்தை என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் "போட்டோசிந்தசிஸ்" என்று சொல்வோம். ஸ்பெல்லிங் எழுதுவதற்குள் கை வலித்துவிடும். ஆனால் பாவம், அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். ஒளிச்சேர்க்கை. ஒரு தடவை படித்துவிட்டால் ஆயுசுக்கும் அது நம்மை ஏமாற்றாது. நம்மைத் திணற வைப்பதெல்லாம் சின்ன வகுப்பிலேயே படித்த ரன், செட், கெட், புட் மாதிரி குட்டி வார்த்தைகள்தான். எழுத்து மூன்றுதான், அர்த்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கும்!

எத்தனை அர்த்தம் தெரியுமா?

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-ல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் அதிக இடம் பிடித்த வார்த்தை செட். அதற்குச் சுமார் 430 பொருள். பிறகு ரன் அதை முந்திவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் ஒன்பது மாதத்துக்கு மேல் உட்கார்ந்து அந்த ஒரு வார்த்தையை மட்டும் பிரித்து எழுதினார். வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 பொருள் என்று 2011-ல் செய்தி வந்தது.

645-ஐயும் யார் மனப்பாடம் பண்ண முடியும்? இங்கிலாந்துக்காரர்களாலேயே முடியாது. அவர்கள் பண்ணவும் இல்லை.

ஏன் இப்படி?

நம்ம வீட்டில் ஒரு சொம்பு இருக்கும். தண்ணி மோக்க அதுதான், பால் வாங்க அதுதான், சமயத்தில் அரிசி அளக்கவும் அதுதான். கைக்கு எட்டும் பாத்திரத்துக்குத்தான் வேலை அதிகம். சின்ன வார்த்தைகளும் அப்படித்தான். இவற்றில் பல ரொம்பப் பழசு. வீட்டிலும் வயலிலும் தினமும் புழங்கியவை. புதுசாக ஒரு பொருள் வந்தால், ஜனங்கள் புது வார்த்தை தேடாமல் பழைய வார்த்தையையே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். முதலில் கால் ஓடியது, ஆறு ஓடியது. அப்புறம் மெஷின் ஓடியது. இப்போது கம்ப்யூட்டரில் புரோகிராமும் ஓடுகிறது. எல்லாம் ரன்தான்.

பெரிய வார்த்தைகள் தெர்மாமீட்டர் மாதிரி. காய்ச்சல் பார்க்க மட்டும்தான் எடுப்போம்.

நம்ம தமிழில் இல்லையா?

ஏன் இல்லை! "போடு" என்ற வார்த்தையைப் பாருங்கள். சட்டை போடு, சோறு போடு, கோலம் போடு, ஊசி போடு, ஓட்டு போடு, சண்டை போடு, கையெழுத்துப் போடு. ஏழு போடு, ஏழு வேலை. இதை யாராவது நமக்குப் பாடம் நடத்தினார்களா? காதால் கேட்டுக் கேட்டே வந்துவிட்டது.

இங்கிலீஷில் வால் முளைத்த வார்த்தைகளும் உண்டு. கிவ் என்றால் கொடு, அப் என்றால் மேலே. இரண்டையும் சேர்த்து கிவ் அப் என்றால் "மேலே கொடு" இல்லை, "விட்டுவிடு". இது என்ன அநியாயம் என்று நினைக்காதீர்கள். நாமும் விடு, கொடு இரண்டையும் சேர்த்து "விட்டுக்கொடு" என்கிறோம். "காட்டிக்கொடு" என்றால் அதைவிட மோசம்! தமிழ் படிக்க வரும் வெளிநாட்டுக்காரர் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

என்னைத் தேட வைத்த வார்த்தை

எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் போனில் கேட்ட முதல் கேள்வி, "பொண்ணு ஃபேரா இருக்குமா?" அக்கா பி.எஸ்சி. கணக்கு படித்தவர். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளே நான் அகராதியில் ஃபேர் என்ற பக்கத்தைப் புரட்டினேன்.

ஒரே ஃபேர்தான். ரேஷன் கடை ஃபேர் பிரைஸ் ஷாப், அங்கே அது நியாயம். ரஃப் நோட்டிலிருந்து ஃபேர் நோட்டில் எழுதுகிறோம், அங்கே அது அடித்தல் திருத்தல் இல்லாமல் சுத்தம். புக் ஃபேர் என்றால் கண்காட்சி. இது மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை. திருநாள், விடுமுறை என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து, சத்தத்தில் ஒன்றாகிவிட்டது.

மற்றவை ஒரே குடும்பம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்த வார்த்தைக்கு அழகான, இனிமையான என்றுதான் அர்த்தம். நிறம் கிடையாது. அழகு என்பதிலிருந்து கறை இல்லாதது, நியாயமானது என்று கிளை பிரிந்தது. வெளிர் நிறம் என்ற அர்த்தம் பிற்பாடுதான் வந்து ஒட்டிக்கொண்டது. 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி என்ற க்ரீமின் பெயரையே குளோ அண்ட் லவ்லி என்று மாற்றிவிட்டார்கள். உலகம் முழுக்க நிற வேற்றுமையை எதிர்த்துக் குரல் எழுந்த வருஷம் அது.

மாப்பிள்ளை வீட்டார் அந்தக் கேள்வியை "நியாயமான பொண்ணா?" என்ற அர்த்தத்தில் கேட்டிருந்தால் எங்கள் அக்காவுக்கு நூற்றுக்கு நூறு. அகராதி எல்லா அர்த்தத்தையும் வரிசையாக வைத்திருக்கிறது. எதை எடுத்துப் பேசுகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

1. தனியாக நிற்கும் வார்த்தைக்கு அர்த்தம் கேட்காதீர்கள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ரன் பக்கத்தில் நோஸ் இருந்தால் மூக்கு ஒழுகுகிறது. கலர் இருந்தால் சாயம் போகிறது. ஷாப் இருந்தால் கடை நடத்துகிறார்கள்.

2. அது பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பாதி குழப்பம் போய்விடும்.

3. அகராதியில் 1 என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவியாகப் பூட்டில் போட்டுப் பார்ப்பது போல, ஒவ்வொரு அர்த்தத்தையும் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். திறக்கிற சாவிதான் சரியான சாவி.

சின்ன வார்த்தை புரியவில்லை என்றால் நாம் மக்கு என்று அர்த்தம் இல்லை. 645 பொருள் உள்ள வார்த்தை முன்னால் யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கத்தான் வேண்டும்.

உங்களுக்கு ஒரு புதிர்!

ரைட் என்ற ஒரே வார்த்தை. மூன்று இடத்திலும் என்ன பொருள்?
அ) டர்ன் ரைட்.
ஆ) யுவர் ஆன்சர் இஸ் ரைட்.
இ) எஜுகேஷன் இஸ் அவர் ரைட்.

விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுங்கள். சரியாக எழுதியவர்களின் பெயர் அடுத்த இதழில் வரும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி