கயிற்றைப் பார்க்க ஓர் ஆள்

தூத்துக்குடியின் முத்துப் பார்களில் 1961-க்குப் பிறகு பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. நடந்த காலத்தில், கல்லோடு ஒருவர் கடலுக்குள் இறங்கினால் தோணியில் இன்னொருவர் அவருடைய கயிற்றோடு நிற்பார். அடியிலிருந்து கயிறு சுண்டப்பட்டதும் மேலே இழுப்பதுதான் அவருக்கு வேலை. மனைவியின் உடன்பிறந்தானிடமே அந்தக் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு. தங்கையின் தாலியை நினைத்தாவது அவன் கவனம் சிதறாது. வேகப்படகின் பின்னால் ஆளைக் கட்டி இழுக்கும் விளையாட்டுகள் தமிழகக் கரைகளுக்கு வந்துவிட்ட இன்று, சட்டம் முதலில் கேட்க வேண்டியது அந்தக் கயிற்று ஆளைத்தான்.

காரணம் எளிது. பனானா படகோ பாராசெய்லிங்கோ, ஓட்டுபவரின் கண் முன்னால் இருந்தாக வேண்டும். ஆபத்தோ பின்னால் இருக்கிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும் படகு பத்தே நொடியில் 80 மீட்டரைத் தாண்டிவிடும். விழுந்தவரின் தலை அலைக்கு மேல் தெரிவதும் மறைவதுமாக இருக்கும். பத்து நொடி கழித்துத் திரும்பிப் பார்க்கிற ஓட்டுநர் அவரைத் தேடத்தான் வேண்டும், அதுவும் புரொப்பெல்லர் சுற்றும் படகைத் திருப்பிக்கொண்டு. விழுந்த கணத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கை நீட்டிக் காட்ட ஒருவர் படகில் இருந்தால், ஓட்டுநர் மெல்ல நெருங்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு ஆளை ஏற்றலாம். கலிபோர்னியாவில் ஓட்டுநரைத் தவிர 12 வயது நிரம்பிய பார்வையாளர் ஒருவர் இல்லாமல் யாரையும் இழுத்துச் செல்லக் கூடாது; ஆள் விழுந்ததும் மற்றப் படகுகளுக்குத் தெரியச் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறக் கொடி தூக்க வேண்டும்; பொழுது சாய்ந்தால் விளையாட்டே கிடையாது.

லைஃப் ஜாக்கெட் போதாதா என்று கேட்கலாம். 2021 நவம்பரில் டையூவில் பாராசெய்லிங் கயிறு அறுந்து கடலில் விழுந்த தம்பதி ஜாக்கெட் அணிந்திருந்தார்கள், பிழைத்தார்கள். ஜாக்கெட் கட்டாயம், சந்தேகமில்லை. ஆனால் அது ஆளை மிதக்க வைக்கும். மிதப்பவர் மேல் இன்னொரு படகு ஏறாமல் தடுக்காது. அமெரிக்காவின் சில மாநிலங்களைப் போலப் படகில் பின்பக்கம் காட்டும் கண்ணாடி மாட்டினால் போதும் என்பார்கள். தூத்துக்குடிக் கடலுக்கு அது ஒத்துவராது. இங்கே வள்ளங்களும் வலைகளும் உண்டு. துறைமுகக் கால்வாயில் வரும் கப்பலுக்குச் சிறு படகுதான் வழிவிட வேண்டும் என்பது சர்வதேசக் கடல்விதி. தீவுகளைச் சுற்றியோ 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் பவளப்பாறைகள். இத்தனைக்கும் நடுவே ஓட்டுபவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நொடியும் முன்பக்கம் காவலற்றுக் கிடக்கும்.

கூடுதல் ஆள் என்றால் கூடுதல் கூலி, சிறு படகுக்காரர் தாங்குவாரா என்பதுதான் நியாயமான எதிர்ப்பு. அந்தச் சுமையைக் கட்டணத்தில் சேர்ப்பதே முறை. பயணியின் உயிரில் கழிக்க முடியாது. 2023 மே 7-இல் கேரளத்தின் தானூரில் 22 பேரைப் பலிகொண்டது, மீன்பிடிப் படகை மாற்றிச் சுற்றுலாவுக்கு விட்ட படகு. அதன் பிறகும் படகு இருக்கிறது, ஓட்டத் தெரியும் என்பதையே தகுதியாக வைத்துக்கொள்வது கொடுமை. 2021-இன் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் ஆறு, ஏரி, உப்பங்கழிகளுக்கானது, திறந்த கடலுக்கு எட்டாது. 1983-இன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமோ மீன்பிடிப்பைப் பற்றியது. ஆகவே கரையில் அனுமதி கொடுக்கும் நிர்வாகமே நிபந்தனையை எழுத வேண்டும். தூத்துக்குடியின் தெரேஸ்புரத்தில் கடலை வாசிக்கத் தெரிந்த சங்குகுளிப்பவர்கள் இருக்கிறார்கள். பயிற்சி கொடுத்தால் இந்த வேலைக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? அனுமதிச் சீட்டில் ஓட்டுநர் பெயருக்குக் கீழே கயிறு பார்ப்பவர் பெயரும் இருக்கட்டும்; அவர் வராத நாளில் படகு கரையை விட்டுக் கிளம்பக் கூடாது.