புள்ளிக்கு நேரே புள்ளி

நெய்யாற்றின்கரை வட்டத்துக் கோட்டுகால் போன்ற எல்லையோர ஊர்களில் வாழ்ந்த முதியோர், இரண்டு நாணயக் கணக்குகளைக் கைவிட்டு மூன்றாவதைக் கற்றவர்கள். திருவிதாங்கூர் ஆட்சியில் பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு ரூபாய். பிறகு வந்தது பதினாறணா ரூபாய். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஐந்து திங்கள் கழித்து, 1957 ஏப்ரல் 1 முதல், ரூபாய்க்கு நூறு புதிய பைசா என்றாயிற்று. அணாவுக்கு ஆறேகால் பைசா! சந்தையில் எத்தனை வழக்கு எழுந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தப் புள்ளிக் கணக்கை இன்று வெளிமாநிலங்களில் நம் குழந்தைகள் பிறமொழியில் பயில்கின்றனர். நாம் தசமம் என்பதைக் கேரளப் பள்ளியில் தசாம்சம் என்பர். இந்தியில் தசமலவ் என்பர். சொல் புரியவில்லையென்று தாய்மார் ஒதுங்கிவிடுகின்றனர். ஒதுங்க வேண்டுவதில்லை, பிழை எம்மொழியிலும் ஒன்றே.

1.5, 1.25 இவற்றுள் எது பெரிது? 1.25 என்று பல பிள்ளைகள் விடையளிப்பர். ஐந்தினும் இருபத்தைந்து பெரிதன்றோ! ‘ஒன்று புள்ளி இருபத்தைந்து’ என நாம் படித்துக்காட்டுவதே இதற்குக் காரணம். ‘ஒன்று புள்ளி இரண்டு ஐந்து’ எனப் படித்து, அஃது ஒன்றேகால் என்றும், மற்றது ஒன்றரை என்றும் சொல்லுங்கள். கால், அரை, முக்கால் மலையாளத்திலும் அவையே.

கூட்டும்போது குழந்தை, முழு எண்களைப்போல, வலப்புற ஓரத்தை ஒட்டி எழுதும். 1.5 உடன் 0.25 சேர்த்து 0.40 என்று கொண்டுவரும். ஒன்றரையோடு கால் சேர்ந்தால் அரைக்கும் கீழே குறையுமோ? புள்ளிக்கு நேரே புள்ளியை வைத்து, 1.5 என்பதை 1.50 என்று எழுதினால் 1.75 கிடைக்கும்.

கழித்தலுக்கு நாணயத்தை நம்பவேண்டாம். இருபத்தைந்து பைசாவும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் 30இல் செல்லாதவையாயின. குழந்தை அவற்றைக் கண்டதேயில்லை. மேலும், ரூபாய்க் கணக்கில் புள்ளிக்குப்பின் எப்போதும் இரண்டு இலக்கமே வருவதால் ஐயமே எழாது. தையற்காரர் அளவு நாடாவை எடுங்கள். மூன்று மீட்டர் துணியில் 1.75 மீட்டர் போனால் மீதி என்ன? 2.75 என்று எழுதும் பிள்ளை, முக்காலைக் கழிக்காமல் அப்படியே இறக்கிவிட்டது. மூன்று மீட்டர் என்பது மூன்று மீட்டரும் சுழியம் சென்டிமீட்டரும் என்று காட்டி, 3.00 என எழுதச் செய்யுங்கள். விடை 1.25, நாடாவிலும் அதுவே.

அடுத்து நகைக்கடைச் சீட்டு. 7.5 கிராம், 7.450 கிராம் இரண்டில் எது மிகுதி, எவ்வளவு மிகுதி என்று கேளுங்கள். ஐம்பது மில்லிகிராம் என்று சொல்லும்வரை சீட்டைக் குழந்தையின் கையிலேயே விட்டுவையுங்கள்.